இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் கடைசி மாதங்கள்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோயாகும். அதிலும் தீவிர நிணவணு இரத்தப் புற்றுநோய் என்னும் வகையே பெரும்பான்மை. இந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துவிடும் என்பதே 1940-கள் வரை மருத்துவ நூல்கள் கூறிய முடிவு. இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. செல்வ நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை குணமடைகின்றனர். நம் நாட்டிலும், நல்ல மருத்துவமனையில் சிகிச்சையை முறையாகப் பெற்று முழுமையாக முடிக்கும் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைத்து வளர்கின்றனர்.

‘முழுமையாக முடிக்கும்’ என்னும் சொற்களே இங்குக் கருதத்தக்கவை. இச்சிகிச்சை பொதுவாக இரண்டிலிருந்து இரண்டரை ஆண்டு வரை நீடிக்கிறது. சில முறைகளில் மூன்று ஆண்டையும் எட்டுகிறது. முதற்சில மாதங்கள் மருத்துவமனையிலும் அதன் அருகிலும் கழிகின்றன. எஞ்சிய காலம் முழுவதும் குழந்தை தன் ஊரில், தன் வீட்டில் இருந்துகொண்டே மாத்திரை உண்கிறது. அப்போது அதன் பக்கத்தில் டாக்டர் இல்லை. தாய் தந்தையரும், ஊரின் சுகாதாரப் பணியாளரும், பள்ளி ஆசிரியருமே இருக்கின்றனர். ஆகவே, சிகிச்சையின் இறுதிப் பகுதியில் நிகழ்வது என்ன என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

நோயின் தன்மை

எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையே இரத்த அணுக்கள் பிறக்கும் இடம். சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமக்கின்றன. வெள்ளணுக்கள் கிருமிகளோடு போரிடுகின்றன. தட்டணுக்கள் இரத்தத்தை உறையச் செய்கின்றன. இரத்தப் புற்றுநோயில், முதிர்ச்சி அடையாத வெள்ளணு ஒன்று கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகிறது. பெருகிய அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் நல்ல அணுக்கள் பிறக்க இடமில்லாமற் போகிறது. சிவப்பணு குறைவதால் குழந்தை வெளிறிச் சோர்கிறது. நல்ல வெள்ளணு குறைவதால் அடிக்கடி காய்ச்சல் வருகிறது. தட்டணு குறைவதால் தோலில் சிவந்த புள்ளிகளும் ஈறுகளில் இரத்தக் கசிவும் தோன்றுகின்றன. கால் எலும்புகள் வலிப்பதும் உண்டு.

இது ஒட்டுநோய் அன்று. குழந்தையோடு சேர்ந்து அமர்வதாலோ, உண்பதாலோ, விளையாடுவதாலோ பிறர்க்கு வராது. பெற்றோர் செய்த பிழையாலோ, தாய் கருவுற்றிருந்தபோது உண்ட உணவாலோ வந்ததும் அன்று. இவ்விரு செய்திகளையும் ஊரில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். குடும்பம் படும் துன்பத்தில் ஒரு பகுதி நோயினால் வருவது. மற்றொரு பகுதி அக்கம்பக்கத்தார் பேச்சினால் வருவது.

மருந்துகள் வந்த வழி

இன்று இக்குழந்தைகள் வீட்டில் உண்ணும் மாத்திரைகளின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்கு உண்டு. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, அங்கு ஆலைத் தொழில் செய்த கர்ப்பிணிப் பெண்களிடம் காணப்பட்ட இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் அச்சோகையைத் தீர்ப்பதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அப்பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. புதிய அணுக்கள் பிறப்பதற்கு அது இன்றியமையாதது.

1940-களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய குழுவிற்குத் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். பாஸ்டன் நகரின் குழந்தை மருத்துவ அறிஞர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் இரத்தப் புற்றுநோயை விரைவுபடுத்துவதாகக் கண்டார். அப்படியாயின், அவ்வமிலத்தைப் போலத் தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருள், நோயைத் தடுக்கவும் கூடுமன்றோ? அத்தகைய பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் செய்து அனுப்பினர். அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டெரினைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததென ஃபார்பர் 1948-இல் அறிவித்தார். சுப்பாராவ் அவ்வாண்டிலேயே காலமானார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவாகிய மெதோட்ரெக்ஸேட் மாத்திரையே இன்று வாரம் ஒருமுறை கொடுக்கப்படுகிறது.

நாள்தோறும் உண்ணும் மெர்காப்டோபியூரின் மாத்திரையை, கெர்ட்ரூட் எலியானும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1950-களின் தொடக்கத்தில் உருவாக்கினர். இருவரும் 1988-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஊசி வழியே செலுத்தப்படும் வின்கிரிஸ்டின், நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1963 முதல் பயனில் உள்ளது.

தனித்தனியே கொடுத்தபோது இம்மருந்துகள் நோயைச் சில மாதங்களே அடக்கின. அவற்றை ஒன்றுசேர்த்து, வரிசைப்படி, மூளையில் ஒளிந்திருக்கும் அணுக்களுக்கும் தனியே சிகிச்சை அளித்து, நீண்டகாலம் தொடர்ந்தால் குணமாக்கலாம் என்பதை அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் டொனால்டு பிங்கெலும் அவர்தம் குழுவினரும் 1960-களில் நிறுவினர். அப்பத்தாண்டின் இறுதியில் அங்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நிலையாகக் குணமடைந்தனர். நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1941-இலும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இலும் தோன்றின. இவ்விரண்டும் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையமும் 1980-களில் இந்நோய்க்கு ஒரே சிகிச்சை முறையை மேற்கொண்டபின் இந்தியக் குழந்தைகளின் நிலைமை வெகுவாக முன்னேறியது.

மாத்திரை ஏன் இத்துணை நாள்?

பெற்றோர் மனத்தில் எழும் முதல் வினா இதுவே. குழந்தை நன்றாக இருக்கிறது, தலைமயிர் வளர்ந்துவிட்டது, ஓடி விளையாடுகிறது, இரத்தத்தில் புற்றணு இல்லை என்று டாக்டரும் கூறுகிறார். பின்னும் எதற்காக மருந்து?

விடை ஒரு கணக்கில் அடங்கியுள்ளது. நோய் கண்டறியப்படும் நாளில் குழந்தையின் உடலில் ஏறத்தாழ லட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கக்கூடும். முதல் மாதச் சிகிச்சைக்குப் பின் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அழிந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். எஞ்சியது நூற்றில் ஒரு பங்குதான். ஆயினும், அந்த ஒரு பங்கு என்பது ஆயிரம் கோடி அணுக்கள். மஜ்ஜை நெடுகப் பரவிக் கிடக்கும் அவை சாதாரண நுண்பெருக்கியின் கண்ணுக்குத் தனியே புலப்படுவதில்லை. பதினாயிரம் அணுக்களுள் ஒரு புற்றணு இருப்பினும் காட்டும் நுட்பமான சோதனைகள் இன்று உள்ளன. அச்சோதனையில் ஒன்றும் தெரியாவிடினும், அதற்கும் குறைந்த அளவில் அணுக்கள் ஒளிந்திருத்தல் கூடும்.

இரண்டாவது காரணம், மருந்து வேலை செய்யும் விதம். மெதோட்ரெக்ஸேட்டும் மெர்காப்டோபியூரினும் பிளவுபடும் அணுவையே கொல்ல வல்லவை. அணு இரண்டாகப் பிளவுபடுமுன் தன் மரபுப் பொருளைப் படியெடுக்க வேண்டும். அப்படியெடுப்பைத்தான் இம்மருந்துகள் கெடுக்கின்றன. உறங்கிக்கிடக்கும் அணுவை அவை தொடுவதில்லை. அவ்வணு என்று விழிக்கிறதோ அன்று மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். ஆகவேதான் குறைந்த அளவில், இடைவெளி இன்றி, நெடுநாள் கொடுக்கிறார்கள். வயலில் களை எடுப்போர் இதனை எளிதில் உணர்வர். மேலே தெரியும் களையை ஒரே நாளில் பறித்துவிடலாம். மண்ணுள் கிடக்கும் விதை முளைக்கும்தோறும் பறிக்க வேண்டும்.

ஜப்பானில் 1990-களில் மொத்தச் சிகிச்சையையும் ஓராண்டில் நிறுத்திப் பார்த்தனர். அக்குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் குணமாயினர் என்பது உண்மை. ஆனால் நோய் திரும்பியோர் தொகை வழக்கத்தைவிடக் கூடிவிட்டது. யாருக்கு ஓராண்டு போதும், யாருக்குப் போதாது என்பதை முன்னரே பிரித்தறிய இயலாமையால், எல்லோருக்கும் முழுக்காலச் சிகிச்சையே அளிக்கப்படுகிறது. மெர்காப்டோபியூரினை ஒழுங்காக உண்பதைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகள் மற்றொரு செய்தியையும் தருகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளைக்குக் குறைவாக மாத்திரை உண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்பது மாதக் கணக்கில் என்ன? முப்பது நாளில் இரண்டு நாள் தவறினாலே அக்கோட்டிற்குக் கீழே இறங்கிவிடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு

விதர்ப்பப் பகுதியில் சிறிதளவு நிலத்தில் பருத்தி பயிரிடும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாகக் கொள்வோம். பையனுக்கு ஏழு வயது. அவனுடைய அக்காளுக்குப் பன்னிரண்டு. நோய் கண்டபோது தாயும் பையனும் எட்டு மாதம் மும்பையில் ஒரு தருமசாலையில் தங்கினர். தந்தை நிலத்தைக் கவனித்துக்கொண்டு, பணம் திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். வீட்டுச் சமையல் அக்காள் தலையில் விழுந்தது. அதன்பின் பையன் ஊர் திரும்பினான். மாதம் ஒருமுறை இரவு ரயிலேறி மும்பை சென்று, இரத்தம் சோதித்து, மாத்திரையும் ஊசியும் பெற்று வருகிறார்கள். இது இருபத்தெட்டாவது மாதம். இன்னும் இரண்டு மாதத்தில் சிகிச்சை முடியும்.

பருத்தி எடுக்கும் காலம் வந்துவிட்டது. இம்மாதப் பயணத்தை விட்டுவிட்டால் என்ன என்று தந்தை எண்ணுகிறார். நான்கு நாள் வேலை மிஞ்சும்; கடனில் சிறிது அடையும். பையனோ பள்ளிப் பிள்ளைகளோடு கபடி ஆடுகிறான். இரண்டு மாதம் முன்னால் நிறுத்தினால் என்ன கெட்டுவிடும் என்பது அவர் வாதம். அதில் அன்புக்குறைவு எதுவும் இல்லை. இருபத்தெட்டு மாதம் சுமந்த சுமையின் களைப்பே அப்படிப் பேசுகிறது.

தாயின் மனநிலை இதற்கு நேர்மாறானது. அவள் மாத்திரை முடியும் நாளை எண்ணி மகிழவில்லை, அஞ்சுகிறாள். மருந்து இருக்கும்வரை நோய் அண்டாது என்பது அவள் நம்பிக்கை. மருந்து நின்றபின் காவல் யார்? இரவில் எழுந்து மகனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்கிறதா என்று காத்திருக்கிறாள். அக்காளுக்கோ வேறொரு துயரம். தம்பிக்கு நோய் வந்த நாள்முதல் தன்னை ஒருவரும் கேட்டதில்லை என்னும் எண்ணம் அவளுக்கு உண்டு. அப்படி எண்ணுவதற்காகத் தன்னையே நொந்துகொள்ளவும் செய்கிறாள். பையன் ஒன்றுதான் கேட்கிறான்: கடைசி மாத்திரை எந்தக் கிழமை?

இந்நால்வரின் எண்ணங்களும் இயல்பானவை. சிகிச்சை முடியும் தறுவாயில் உள்ள எந்தக் குடும்பத்திலும் இவற்றைக் காணலாம். களப்பணியாளர் செய்யத்தக்கது, தந்தையைக் கடிந்துகொள்வது அன்று. மேலே கூறிய கணக்கை அவர் அறியச் சொல்லலாம். மருத்துவமனையின் சமூகநலப் பணியாளரோடு தொலைபேசியில் பேசி, இம்மாத இரத்தச் சோதனையை மாவட்ட மருத்துவமனையிலேயே செய்து முடிவை அனுப்பலாமா என்று கேட்கலாம். பல மருத்துவமனைகள் இதற்கு இசைகின்றன. தாயிடம், மருந்தை நிறுத்துவது மருத்துவரின் கைவிடுதல் அன்று என்பதையும், நின்றபின்னரே வேறுவகையான கண்காணிப்புத் தொடங்குகிறது என்பதையும் விளக்கலாம். அக்காளின் நாள்தவறிய வருகைப் பதிவை ஆசிரியர் பார்த்துவிட்டுக் கண்டிப்பதற்கு முன், காரணத்தைக் கேட்கலாம்.

கடைசி மாதங்களில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, மாத்திரை. மெர்காப்டோபியூரின் நாள்தோறும் உண்பது. மெதோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும் உண்பது. இரண்டும் பெரும்பாலும் இளமஞ்சள் நிறமாகவே இருக்கின்றன. வார மாத்திரையைத் தவறி நாள்தோறும் கொடுத்துவிட்டால் வாய்ப்புண், மஜ்ஜை ஒடுக்கம் ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்து, வார மாத்திரைக்கு ஒரு கிழமையை நிலையாகக் குறித்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில், நாட்காட்டியில் அக்கிழமைகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டிக் கொடுக்கலாம். ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகக் கொடுக்கலாகாது. வாந்தியில் மாத்திரை வந்துவிட்டால் மருத்துவமனையைக் கேட்க வேண்டும்.

மாத்திரையின் அளவு மாதந்தோறும் மாறக்கூடும். வெள்ளணுத் தொகையைச் சற்றுக் குறைவாகவே வைத்திருப்பதுதான் மருத்துவரின் நோக்கம். அதனால் அளவை ஏற்றியும் இறக்கியும் கொடுக்கிறார். சிலர் உடலில் இம்மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் பிறவியிலேயே குறைவாக இருப்பதால், அவர்களுக்கு மிகச் சிறிய அளவே போதும்; நம் ஆசிய மக்களிடையே இத்தகையோர் பலர். ஆகவே ஒரு குழந்தையின் அளவை மற்றொரு குழந்தையோடு ஒப்பிட்டுப் பேசுதல் தவறு.

இரண்டாவது, காய்ச்சல். வெள்ளணு குறைந்த குழந்தைக்குச் சிறு தொற்றும் சில மணி நேரத்தில் இரத்தமெங்கும் பரவிவிடும். வெப்பமானியில் 100.4 பாகை ஃபாரன்ஹீட் காட்டினால் உடனே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘காலையில் பார்ப்போம்’ என்பது இக்குழந்தைகளுக்குப் பொருந்தாது. காய்ச்சல் மாத்திரை கொடுத்துச் சூட்டை மறைத்துவிட்டுக் காத்திருத்தலும் ஆகாது. வலிக்காகக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் கூடாது. அவற்றுட் சில மெதோட்ரெக்ஸேட்டின் நஞ்சைப் பெருக்குவன, சில இரத்தக் கசிவை உண்டாக்குவன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுக்கப்படும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை நுரையீரலை ஒருவகைக் கொடிய தொற்றிலிருந்து காப்பது. அதனைச் சாதாரண மருந்தென்று எண்ணி நிறுத்திவிடலாகாது. சிகிச்சை முடிந்தபின்னும் சில மாதம் அது தொடரும்.

மூன்றாவது, சின்னம்மையும் தட்டம்மையும். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இவை கண்டால், ஆசிரியர் அன்றைய தினமே இக்குழந்தையின் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். தொடர்பு நேர்ந்த சில நாட்களுக்குள் தடுப்பு மருந்து கொடுத்தால் பயன் உண்டு. காலம் கடந்தபின் அப்பயன் கிட்டாது.

நான்காவது, பொதுத் திட்டங்கள். இது களப்பணியாளர்கள் சிறப்பாகக் கருத வேண்டியது. பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச் சத்து ஃபோலிக் அமில மாத்திரை வழங்கப்படுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மை தருவதே அது. ஆயினும், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதற்காகவே மெதோட்ரெக்ஸேட் உண்ணும் குழந்தைக்கு அதனை மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது. மருந்து ஒரு பக்கம் இழுக்க, மாத்திரை மறுபக்கம் இழுப்பதாக முடியும். குடற்புழு மாத்திரையையும் கேட்டறிந்தே கொடுக்க வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பு மருந்துகள், அதாவது போலியோச் சொட்டு மருந்தும் தட்டம்மை ரூபெல்லா ஊசியும், சிகிச்சைக் காலத்தில் இக்குழந்தைக்கு ஆகா. சொட்டு மருந்துக் கிருமி மலத்தின் வழியே வெளிப்படுவதால், ஒரே வீட்டில் உள்ள தம்பி தங்கையர்க்கும் சொட்டு மருந்துக்குப் பதிலாக ஊசி மருந்தே தக்கது. வீடுவீடாகச் செல்லும் ஊழியர் இவ்வீட்டைத் தம் ஏட்டில் குறித்துவைத்தல் நன்று.

ஐந்தாவது, நாட்டு மருந்து. வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது என்று கேள்வியுற்ற சிலர், அதன் இலையைக் கஷாயம் இட்டுக் கொடுக்க முற்படுவதுண்டு. அச்செடியில் பல நச்சுப் பொருள்கள் கலந்துள்ளன. மருந்தாகும் பொருளோ மிகமிகச் சிறிதளவே இருக்கிறது. பெருந்தொகை இலையிலிருந்து பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பு வழியே மட்டும் செலுத்தப்படும் மருந்து அது. கஷாயம் குழந்தைக்குத் தீங்கே செய்யும்.

கடைசி மாத்திரைக்குப் பின்

மருந்து நிறுத்தப்பட்ட நாளில் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. நோய் எதிர்ப்பு ஆற்றல் மீள ஏறத்தாழ ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும். அதுவரை காய்ச்சலைப் பற்றிய எச்சரிக்கை தொடர வேண்டும். முன்பு போட்ட தடுப்பூசிகளின் பயனை மருந்து குறைத்துவிடுவதால், மருத்துவர் குறிக்கும் அட்டவணைப்படி அவற்றுட் சிலவற்றை மறுபடியும் போட வேண்டும். உயிருள்ள தடுப்பு மருந்துகளுக்கு ஏறத்தாழ ஆறு மாத இடைவெளி வேண்டும்.

நோய் திரும்புமாயின், பெரும்பாலும் மருந்து நின்ற முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. ஆகவே முதலாண்டில் அடிக்கடியும் பின்னர் இடைவிட்டும் சோதனைக்கு அழைக்கிறார்கள். வெளிறிப்போதல், தோலில் சிவந்த புள்ளிகள், விடாத எலும்பு வலி, காலையில் வாந்தியோடு கூடிய தலைவலி, ஆண் குழந்தைக்கு விதையில் வலியற்ற வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் நாள் கடத்தாமல் காட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு சளியையும் நோய் திரும்பியதாகக் கருதி நடுங்கவும் வேண்டுவதில்லை. எதற்கு விரைய வேண்டும், எதற்குப் பொறுக்கலாம் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டால் தாயின் இரவுகள் சிறிது எளிதாகும். ஆண்டுகள் செல்லச் செல்ல அபாயம் குறைந்துகொண்டே வருகிறது.

குணமான குழந்தைகளுட் சிலருக்குப் பிற்காலத்தில் சில விளைவுகள் தோன்றலாம். ஒருசில மருந்துகள் இதயத் தசையைத் தளர்த்தக்கூடும். தலைக்குக் கதிர்வீச்சுப் பெற்றோரிடம் கற்கும் வேகமும் வளர்ச்சியும் குறையக்கூடும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதனை செய்துகொள்ளும் பழக்கம் வளர்ந்தபின்னும் இருத்தல் வேண்டும். பெற்ற மருந்துகளின் பெயரும் அளவும் கொண்ட சுருக்கத் தாளை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழைப் போலப் பாதுகாக்க வேண்டும்.

பள்ளியில்

இரண்டாண்டு பள்ளியைத் தவறவிட்ட பிள்ளையைக் கீழ் வகுப்பில் சிறு பிள்ளைகளோடு அமர்த்துதல் அதன் மனத்தைப் புண்படுத்தும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அதனை வயதிற்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி அளிக்க இடமுண்டு. வின்கிரிஸ்டின் கை கால் நரம்புகளைத் தளர்த்துவதால் எழுத்து மெதுவாகவும் கோணலாகவும் இருக்கலாம். அது சோம்பல் அன்று. ஸ்டீராய்டு மருந்து உண்ணும் நாட்களில் கடும் பசியும் எரிச்சலும் அழுகையும் வரும். அது தீய நடத்தை அன்று. மாத்திரை நாளுக்கு மறுநாள் சோர்வு மிகும்.

குழந்தை வருமுன் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆசிரியர் சில வார்த்தை பேசிவைக்கலாம். நோய் ஒட்டாது, முடி உதிர்ந்தது மருந்தினால், அது மீண்டும் வளரும் என்பன போதும். மற்றபடி, அக்குழந்தையை மற்றவரைப்போலவே நடத்துவது சிறந்த உதவியாகும். தன் நோயின் பெயரைக் குழந்தை கேட்டால், பெற்றோரைக் கலந்து, வயதிற்கேற்ப உண்மையே சொல்லப்பட வேண்டும். மறைக்கப்படும் செய்தியைக் குழந்தைகள் பிறர் வாயிலாக அறிந்து மேலும் அஞ்சுகின்றனர்.

பொருளுதவி

பணம் தீர்ந்ததால் சிகிச்சை நின்றது என்னும் நிலை எந்த வீட்டிலும் வரலாகாது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மக்கள் நலத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு ஏற்கப்படுகிறது. புற்றுநோயாளர் சிகிச்சைக்காகச் செல்லும்போது அவருக்கும் துணை வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் உள்ள சமூகநலப் பணியாளர் தங்கும் இடத்திற்கும் வழி காட்டுவார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

குழந்தை நலமாகத் தோன்றுவது சிகிச்சை முடிந்ததற்கு அடையாளம் ஆகாது. சிகிச்சை பயன் தருகிறது என்பதற்கே அடையாளம். கடைசி மாத்திரையும் முதல் ஊசியைப்போல் முக்கியமானது. நோய் ஒருமுறை திரும்பிவிட்டால் குணமாக்குதல் முன்னையினும் கடினம். செலவும் துன்பமும் பன்மடங்கு. ஆகவே, இருபத்தெட்டு மாதம் நடந்து வந்த குடும்பத்தை எஞ்சிய இரண்டு மாதமும் நடக்கச் செய்வதே ஊரார் அக்குழந்தைக்குச் செய்யும் பேருதவியாகும்.

பயிற்சி வினாக்கள்

1. நுண்பெருக்கியில் புற்றணு தெரியாதபோதும் மருந்து தொடர்வதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.

2. ஒரு குழந்தை ஜூன் மாதத்தில் மூன்று நாள் மாத்திரை உண்ணவில்லை. நூற்றுக்கு எத்தனை வேளை உண்டதாகும்? அது போதுமா?

3. பள்ளியில் ஃபோலிக் அமில மாத்திரை வழங்கும் நாளில் இக்குழந்தையின் பொருட்டு ஆசிரியர் செய்ய வேண்டியது யாது? காரணம் கூறுக.

4. உம் பகுதியில் இத்தகைய குழந்தை இருப்பின், காய்ச்சல் கண்ட இரவில் செல்ல வேண்டிய மருத்துவமனை எது, செல்ல ஊர்தி எது, பேச வேண்டிய தொலைபேசி எண் எது என்பவற்றைக் கேட்டறிந்து, ஒரு தாளில் எழுதி அவ்வீட்டுச் சுவரில் ஒட்டிவருக.